தைலம் வராது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் இருவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் நான் முழு நலம், அம்மா அரை நலம், நீ எப்படி என்பதை நீதான் மறைக்காமல் எழுத வேண்டும்.

போன் போட்டால் எடுப்பதே இல்லை என்று மாப்பிள்ளையிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். மணிச் சத்தத்தை நான்தான் அணைத்து வைத்திருக்கிறேன். புகார்ப் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் உன் அம்மா, ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் போன் அடித்தால் போதும், வலது தோள் தானாகக் காதுவரை ஏறிவிடுகிறது, அப்புறம் அன்று முழுக்கக் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார், எனக்கு ஒரே சந்தோஷம், அவர் முகத்தில்தான் சந்தோஷத்தைக் காணோம். முதுகுக்குப் பின்னால் மேலதிகாரி நிற்கிறாரே என்ற பயத்தில் வருடக்கணக்காக உடம்பை இறுக்கி வைத்திருந்தால் வலி இப்படித் தங்கிவிடுவதும் உண்டு, இனி குறைக்கத்தான் பார்க்கலாம் என்றார். தினமும் சாயங்காலம் தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் அவளை அதே நாற்காலிக்கு அனுப்பிவைத்தவன் நான், அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கையைத் தூக்க முடியாததால் இப்போது அவள் தலைப்பின்னலும் என் பொறுப்பு, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள், அது போகட்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். புது மேனேஜர் வந்ததிலிருந்து கழுத்தில் ஆணி அடித்த மாதிரி வலிக்கிறது, அம்மா தடவும் தைலத்தில் நாலு பாட்டில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். வாங்கி, பார்சல் கட்டி, விலாசமும் எழுதிவிட்டேன். அம்மா பிரிக்கச் சொல்லிவிட்டாள். இதைத் தடவிக்கொண்டுதானே நானும் பொறுத்துப் போனேன் என்கிறாள். அதனால் தைலம் வராது, கோபப்படாதே. லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடுமே என்று நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது, கெட்டால் கெட்டுப்போகட்டும். இந்த வாரமே டாக்டரைப் பார், வேலையிடத்தில் நடப்பதையும் அவரிடம் விடாமல் சொல், மேனேஜரிடம் பேச முடியாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடம் பேசு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மா இதை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதச் சொன்னாள்: "வலி இல்லாத நாள் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு. அவளுக்கு ஞாபகம் இருக்கும்போதே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க."

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா