பார்வதி குளத்துக்குப் போன ஞாயிறு

நெய்வேலி டவுன்ஷிப் குளத்தில் கெண்டைக் குஞ்சு விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. நாலு ஞாயிறு கரையில் உட்கார்ந்தும் வேலுமணிக்கு ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. அவன் மனைவி பார்வதி சிரித்துவிட்டாள். "நீ போய்ப் புடிச்சுக் காட்டு" என்று அவன் கத்த, அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே இல்லை.

இந்த ஞாயிறு காலை, அவன் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள், போன மாதக் காலண்டர் தாளின் பின்புறம் பார்வதி எழுதினாள்:

"குளத்துக்குப் போறேன். தூண்டிலைத் தேடாதீங்க, என்கிட்ட இருக்கு. இட்லி பானையில இருக்கு, சட்னியை மூடி வெச்சிருக்கேன். ருக்குமணியக்கா முறம் கேட்டு வந்தா குடுத்துட்டுத் தூங்குங்க. உங்க மண்புழு டப்பாவைத் தொடல. கோதுமை மாவுல தவிடு போட்டுப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டேன். பார்வதி."

இட்லிப் பானைமேல் வைத்தவள், மனசு கேட்காமல் திரும்ப எடுத்து அடியில் நெருக்கி எழுதினாள்: "அன்னைக்கு நான் சிரிச்சது தப்புதான். தூக்கம் வரலேன்னா வாங்க. புங்கமரத்துக்கிட்ட இருப்பேன்."

ஏழரை மணிக்குக் குளக்கரையில் சைக்கிள் மணி கேட்டது. வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், தூக்குச்சட்டியில் இட்லியோடு வேலுமணி வந்து நின்றான். வாளிக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு கெண்டைகள் புரண்டுகொண்டிருந்தன.

"மாவு மிச்சம் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. சத்தம் போடாம உக்காருங்க" என்றாள், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல். சற்று நகர்ந்து, மர நிழலில் அவனுக்கு இடம் விட்டாள்.