பாண்டி பஜார் என்று சொல்லிவிட்டு அடையாறுக்கு எறிந்தவனுக்கு

கோபம் தீராத பாசத்தோடு என் பென்னிக்கு,

கல்லூரி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "லெட்டராவே எழுதுங்க சார். அவர் போய் அஞ்சு மாசம்தான ஆகுது, நேர்ல பேசுற மாதிரி இருக்கும்" என்றார் தமிழ் மேடம். சரி என்று உட்கார்ந்தேன். நல்லவன், சிரித்த முகம், யார் கூப்பிட்டாலும் ஓடி வருவான் என்று எழுதி நாலு தடவை கிழித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் எழுதக் கை வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா நன்றாக இருக்கிறார். பிரஷர் மாத்திரையை மட்டும் மறந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக மயிலாப்பூருக்குத்தான் போகிறேன், நீ இருந்தபோது போனது மாதிரியே. மீன் குழம்பும் அதேதான். உன் நாற்காலியில் உட்காரச் சொல்கிறார், நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். டெங்கு என்று நாலே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டதே என்று இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்.

இனி கொஞ்சம் பொறுத்துக்கொள், உனக்குத் தெரிந்ததையே சொல்லப் போகிறேன். இதைப் படிக்கிற பெற்றோரில் பாதிப் பேர் ஃப்ளாக் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் என்றுதான் நினைக்கிறார்கள். இது பப்பாளி மாதிரி நீண்ட பந்து. ஒருவர் எறிவார், ரிசீவர்கள் ஓடிப்போய்க் கையால் பிடிக்க வேண்டும். பிடித்தவரின் இடுப்பில் தொங்குகிற பட்டையை எதிரணி பிடுங்கிவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். ராயப்பேட்டையில் ஆட்டோ சீட் தைக்கிற என் அத்தாதான் நம் அணிக்கு அந்தப் பட்டைகளைத் தைத்துக் கொடுத்தார். "இன்னாடா ஆட்டம் இது, இடுப்புத் துணிய உருவுறது" என்று அவர் கேட்டதற்கு நீ ஒரு வாரம் சிரித்தாய்.

யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு நீ வைத்த சென்னை ஏரியாப் பெயர்களைத்தான் இன்றும் சொல்கிறோம். பாண்டி பஜார் என்றால் திரும்பிப் பார்க்காமல் நேராக ஓட்டம், பந்து தலைக்கு மேலே வரும். லஸ் என்றால் பத்தடியில் வலது பக்கம் திருப்பம். அடையாறு என்றால் டிப்போவுக்குள் போன பஸ் மாதிரி, போய் நின்று வந்த வழியே திரும்ப வேண்டும். வெளியூர் அணிகள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த இறுதி ஆட்டம். கடைசிப் பந்து. நாம் எல்லோரும் தோளோடு தோள் சேர்த்துக் குனிந்து நின்றபோது என் காதருகே வந்து "பாண்டி பஜார்" என்றாய். நான் ஓடினேன். கூட்டம் கத்தியதைக் கேட்டுத் திரும்பினால் பந்து நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் பட்டுக் கீழே விழுந்தது. கல்லூரியே பார்த்தது. நீ மெதுவாக நடந்து வந்து என் தோளில் கை போட்டு ஒரே வார்த்தை சொன்னாய்: "விடு மச்சி."

அந்த வார்த்தைக்காக உன்னைக் கோயில் கட்டிக் கும்பிடாத குறையாக வைத்திருந்தேன் பென்னி. மற்றவர்கள் திட்டினார்கள். நீ திட்டவில்லை. மாநில அணித் தேர்வு முகாமுக்கு நம் இருவரையும் கூப்பிட்டார்கள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எந்த மூஞ்சியோடு போவது என்று நான் போகவில்லை. எழும்பூர் ஸ்டேஷனில் உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ரயில் ஏற்றிவிட்டவன் நான். ஜன்னல் வழியாக அப்போதும் "விடு மச்சி" என்றுதான் சொன்னாய். அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

பந்து ஏன் கையை விட்டுப் போகிறது என்பது மட்டும் எனக்குப் பைத்தியமாகிப் போனது. நீ நம் கல்லூரியிலேயே உடற்கல்வித் துறையில் சேர்ந்து பெண்கள் அணியை ஆரம்பித்தபோது, ரிசீவர்களை என்னிடம் விட்டாய். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், கீழே வந்தால் சுண்டுவிரல்கள். பந்தின் மேல் சாக்பீஸால் ழ, ண, ற என்று எழுதி எறிவேன், பிடிப்பதற்கு முன் எழுத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த பந்து, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு பிடிப்பது, பெசன்ட் நகர் மணலில் விழுந்து எழுந்து பிடிப்பது. எல்லாமே அந்த ஒரு பந்தை மறுபடி பிடித்துவிடலாம் என்பதற்காகக் கண்டுபிடித்தவை. என் கையில்தான் குற்றம் என்று நம்பியவனின் வைத்தியம்.

ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வந்த முதல் நாள் நீ என்ன செய்வாய்? "இதோ நிக்கிறாரே அன்வர் சார், கைல வந்து உட்கார்ந்த பந்தக் கீழ போட்டவரு. இவர்தான் உங்களுக்குப் பிடிக்கக் கத்துக்கொடுக்கப் போறாரு." நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு நீ என்னைத் தேற்றிய கதையைச் சொல்வாய். நானே கண் கலங்கியிருக்கிறேன்.

போன மாதம் தி. நகருக்குப் போனேன். நம் அணியில் பந்தைக் காலிடுக்கு வழியாக உனக்குத் தள்ளிவிடுவானே, தினகரன், அவன் இப்போது மாமாவின் ஜவுளிக் கடையில் இருக்கிறான். டீ குடிக்கும்போது உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வழக்கம்போல என் கையைக் காட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இன்னா மச்சி, அவன் உன்கிட்ட சொல்லவே இல்லியா?"

"எதை?"

"முன்னாடி எது சொல்லிருந்தாலும், காதைத் தொட்டா அடையாறுன்னு அன்னிக்கு மத்தியானம் எங்களுக்கெல்லாம் சொன்னான். வெள்ளிக்கெழம. நீ தொழுகைக்குப் போய்க்கினு இருந்த. அன்வர் வந்ததும் சொல்லிக்கிறேன்னான், மறந்துட்டான். கடைசிப் பால்ல காதைத் தொட்டானே, நீ எங்க பாத்த? நீ பாண்டி பஜாருக்கு ஓடிக்கினு கீற, அவன் அடையாறுக்குப் போட்டுட்டான். ரூம்ல வந்து அழுதான்டா. நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காதன்னான். இத்தினி வருசத்துல சொல்லிருப்பான்னுதான் நெனச்சேன்."

டீயை வைத்துவிட்டு ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் நடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு போனார்கள். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரயிலை விட்டேன்.

மறந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. யாருக்கும் நடக்கும். மறைத்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எழும்பூரில் சொல்லியிருக்கலாம். முகாமிலிருந்து தினமும் போன் செய்தாய், அப்போது சொல்லியிருக்கலாம். ஐந்து முதல் நாட்கள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னாய். எப்படி முடிந்தது உன்னால்? ஆரம்பத்தில் பயந்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு அந்தக் கதையை நீயே நம்பிவிட்டாயா? செத்துப் போனவனிடம் சண்டை போட வைத்துவிட்டாயே, அதுவும் துரோகம்தான்.

போன வாரம் நடந்ததையும் கேள். மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிற ரேவதி, நம் பிள்ளைகளிலேயே பந்தை நழுவவிடாதவள், ஒரு பந்தைக் கீழே போட்டாள். எறிந்தவள் கீர்த்தனா. ஓடி வந்து ரேவதியின் முதுகைத் தட்டி, "விடுடி, விடு" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆட்டம் முடிந்ததும் ரேவதி ஜெர்சியை மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னால டீம் தோக்குது சார். வேற யாரையாச்சும் போட்டுக்கோங்க."

நான் கீர்த்தனாவைக் கூப்பிட்டேன். "நீ அவகிட்ட என்னன்னு சொன்ன?"

"லஸ், சார்."

"எறிஞ்சது எங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "முன்னாடி ஆள் வந்துட்டாங்க. அதான் நேரா போட்டேன். அவ புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"அதை ஏன் அவகிட்ட சொல்லல?"

"சொன்னா திட்டுவாங்கன்னு..."

பத்தொன்பது வயதுப் பெண் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள் பென்னி. ரேவதி அவளைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் ஜெர்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மைதானத்தில் ஒரு பழக்கம். எறிகிறவள் சொன்ன ஊரை ரிசீவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் மாற்றினால், ரிசீவரும் காதைத் தொட்டுக் காட்டாமல் பந்து கையை விட்டுப் போகக் கூடாது. பந்து விழுந்தால் முதலில் பேச வேண்டியது எறிந்தவள். தேற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. ஒரே வாரத்தில் விழுகிற பந்து கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருக்கிறது. நான் ஏழு வருடமாக விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாள். உன் படத்தை மைதானத்தில் வைத்து ஒரு சின்ன ஜெபம். அம்மா வருகிறார். போன வெள்ளிக்கிழமை மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்வரு, அந்தக் கதைய நீ சொல்லுப்பா. அவன் சொல்ற மாதிரியே. எல்லாரும் உன்னத் திட்டுனப்ப எம்புள்ள ஒருத்தன்தான உன்ன விட்டுக்கொடுக்கல. அவன் எப்பேர்ப்பட்டவன்னு அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியட்டும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமா என்றார்.

உண்மையைச் சொல்லாமல் விட்டுவிடலாம். நீ சொன்ன கதையையே சொல்லி, எப்போதும்போல் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டு வரலாம். ஆனால் அங்கே ரேவதி உட்கார்ந்திருப்பாள், கீர்த்தனாவும் இருப்பாள். அவர்களுக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னால், நீ எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்கிறேன். அம்மாவுக்கோ அந்தக் கதையில்தான் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். அதை மைதானத்தில் நாலு பேர் முன்னால் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதலில் அம்மாவிடம் சொல்வேன். காதைத் தொட்டதையும், என்னிடம் சொல்ல மறந்ததையும், கடைசிவரை மறைத்ததையும் சொல்வேன். நீ அன்றைக்கு அழுததையும் விடாமல் சொல்வேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அவர் நம்பாமல் போகலாம். என் பிள்ளை போன பிறகா பழி போடுகிறாய் என்று கதவைக் காட்டலாம். காட்டினால் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொல்வதை மட்டும் நிறுத்த மாட்டேன். இந்தக் கடிதமும் திங்கட்கிழமைதான் தமிழ் மேடம் கைக்குப் போகும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வரை நிச்சயமாக உன் அம்மாவின் இன்னொரு பிள்ளை,
அன்வர்