கருங்கணவாய்க்குச் சென்ற வலுப்பொடியைத் திறவாதிருக்க விடுத்த ஓலை

மழை பொய்யாதிருக்க, குடிகள் பசியாதிருக்க. மருதவாரி நாடு முழுதாளும் பேரரசி நல்லமங்கை மாதேவியார் திருவாய் மலர்ந்தபடி, ஓலைநாயகம் ஆலங்கிழான் எழுதியது. வடவெல்லைக் காவலர், கருங்கணவாய்க் கோட்டைத் தலைவர், மூன்று போரிலும் முதுகு காட்டாத கடுங்கொற்றனார் காண்க. தங்கள் கோட்டையும் படையும் நலம்பெறப் பேரரசியார் வாழ்த்துகிறார்.

முதற்கண் ஆணை. சென்ற திங்கள் இங்கிருந்து புறப்பட்ட பன்னிரண்டு சாடி வலுப்பொடியில் ஒரு சாடியையும் திறக்கலாகாது. ஆற்றுவழியே செல்லும் மாட்டுவண்டிகள் தங்களை அடைய இன்னும் ஆறு நாளாகும். மலைவழியே இவ்வோலை கொணரும் குதிரை அவற்றை முந்திவிடும்.

காரணம் எழுதக் கை கூசுகிறது. ஆயினும் ஒன்றையும் மறைக்கலாகாதென்பது பேரரசியார் கட்டளை.

பனிக்காய்ச்சலில் எலும்பும் தோலுமான வீரர்களுக்குத் தசை மீளத்தக்க ஊட்டம் வேண்டுமென்று தாங்கள் எழுதிய நாள்முதல் பேரரசியார் நிம்மதியாக உண்டதில்லை. மூன்று ஊட்டங்கள் அவைக்கு வந்தன. மடைப்பள்ளித் தலைவி பூதியார் கொள்ளும் உளுந்தும் கடலையும் வறுத்தரைத்த மாவைப் பாலில் கரைத்துத் தந்தார். கடற்கரையார் உலர்மீன் பொடி கொணர்ந்தனர். கலத்தில் வந்த வணிகன் ஒருவன் வெண்பொடி ஒன்றை வைத்து, பாலின் சத்தை மட்டும் பிரித்தெடுத்தது என்றான். வேறென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, அது தன் தொழில் மறை என்றுரைத்தான்.

மல்லர் கூடத்தார் மூவர் நாற்பது நாள் உண்டு பார்ப்பதென முடிவாயிற்று. வெண்பொடியை உண்ண யாவரும் தயங்கியபோது, தானே முன்வந்தவன் தங்கள் மகன் கடம்பன்.

நாற்பதாம் நாள் பேரரசியார் தம் கையாலேயே கயிறு பிடித்து மூவரின் புயத்தையும் அளந்தார். மாவு உண்டவனுக்கு ஒரு விரல் ஏறியிருந்தது. மீன்பொடி உண்டவனுக்கு அதுவும் இல்லை. கடம்பனுக்கோ நான்கு விரல். பேரரசியார் வாய்விட்டுச் சிரித்து மகிழ்ந்தார். பூதியார் மட்டும் மகிழவில்லை. அவர் சொன்னது சொன்னபடியே எழுதப்படுகிறது: "தாயே, நாப்பது நாள்ல இம்புட்டுச் சதை எந்த ஒடம்புலயும் ஏறாது. உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம கோட்டைக்கே அனுப்பாதீங்க." தம் மாவு தோற்ற பொறாமையில் பேசுகிறார் என்று பேரரசியார் எண்ணினார். அன்றே வெண்பொடிச் சாடிகள் வண்டியேறின.

பத்து நாள் கழித்து, மற்போர்க் களத்தில் கடம்பன் பாதியிலேயே தரையில் அமர்ந்துவிட்டான். கால்கள் வீங்கியிருந்தன, சிறுநீர் நுரைத்து, வரவரக் குறைந்தது. மூத்த மருத்துவர் உருத்திரனார் அவன் கெண்டைக்காலில் விரலால் அழுத்தினார். விழுந்த குழி மேலெழவில்லை. ஏறியது தசையன்று, பெரும்பாலும் நீரே என்றார் அவர். பின்னர் வெண்பொடியில் ஒரு பிடியை ஓட்டிலிட்டுத் தீயில் காய்ச்சினார். பால் கரிந்தபின் ஓட்டின் அடியில் ஈயம்போல் கனத்த சாம்பல் தங்கியது; பொடியில் உலோக நஞ்சு கலந்திருக்கிறது என்றார். வணிகனைத் தேடியபோது அவன் கலம் துறையில் இல்லை.

பேரரசியார் பல்லக்கு வேண்டாமென்று நடந்தே மல்லர் கூடத்துக்குச் சென்று, கடம்பனின் பாயருகே தரையில் அமர்ந்தார். பிழை தம்முடையதே என்று அவனிடம் கூறினார். அவனோ ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அப்பாவுக்கு இப்பச் சொல்லாதீங்க, அம்மா. எல்லையில நிக்கிறவரு. மனசு கலங்கிரும்."

பேரரசியார் வெளியே வந்து, தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு மகனை நோயில் வைத்திருக்கத் தமக்கு உரிமையில்லை என்றார்.

ஆகவே ஆணை. சாடிகள் வந்தவுடன் ஆளும் மாடும் அண்டாத பாறைக்குழியில் புதைத்துக் கல்லடுக்குக. பூதியாரின் மாவு இன்று மலைவழியே புறப்படுகிறது. மெலிந்தவர்க்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு கைப்பிடி பாலில் கொடுத்து, சிறுகச் சிறுகப் பயிற்சி தருக. தசை மெல்லத்தான் ஏறும். அதுவரை மெலிந்தவரைக் காவலுக்கு நிறுத்தலாகாது. அவர்களின் இடத்தை நிரப்ப அரண்மனைக் காவற்படையில் இருநூற்றுவர் இன்றே புறப்பட்டுவிட்டனர். அரண்மனை வாயில் காவலின்றி இருக்கட்டும் என்பது பேரரசியார் சொல்.

தாங்கள் கோட்டைப் பொறுப்பைத் துணைத்தலைவரிடம் ஒப்புவித்து, ஓலை வாசித்த நாழிகையே புறப்படுக. மூன்று சாவடிகளில் மாற்றுக்குதிரைகள் சேணமிட்டு நிற்கின்றன. கடம்பன் பிழைப்பானா என்று பேரரசியார் கேட்டதற்கு, பத்து நாள் சென்றாலன்றிச் சொல்லவியலாது என்றார் மருத்துவர். அதில் இரண்டு நாள் இவ்வோலை வரும் வழியிலேயே கழிந்திருக்கும்.

சினமிருந்தால் சினத்தோடே வருக; பேரரசியார் எதிர்கொள்வார். இது மருதவாரி நாட்டு இலச்சினை. இட்டவர் பேரரசியார்.