பரளச்சி நர்சம்மா காரின் சாவி

இன்று காலை அருப்புக்கோட்டை பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து உன் சாவி கீழே விழுந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் குனிந்து எடுத்தார். தெரியாத முகம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, கார்ச் சாவிய பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுல வாரீக?” என்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியைக் கேட்க மாட்டாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஊசி போடும் முன் நீ தடவும் ஸ்பிரிட்டின் வாடை முன்பெல்லாம் அதில் இருந்தது. இப்போது என் வேர்வை வாடைதான் இருக்கிறது. எந்நேரமும் பையில் கிடந்தால் அப்படித்தான் ஆகும்.

கார் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். கிராமத்து நர்ஸுக்கு எதற்குக் கார், அதுதான் ஷேர் ஆட்டோ ஓடுகிறதே என்றேன். “ஆட்டோ நெறையுற வரைக்கும் பிரசவ வலி காத்துக்கிட்டு இருக்குமா மாமா?” என்று கேட்டாய். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனோம். நீ முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாய். நான் எட்டுப் போடச் சொன்ன இடத்தில் நட்டிருந்த கம்பியைச் சாய்த்துவிட்டு இறங்கி வந்தேன். “எங்க மாமாவுக்கு எட்டு வராது, ஏழரைதான் வரும்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாய். அன்றிலிருந்து இடது பக்க சீட்டு எனக்கு நிரந்தரமாகிவிட்டது. பொம்பளை ஓட்ட, புருசன் பக்கத்தில் உட்கார்ந்து போவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன், நீ வேண்டுமென்றே இறக்குவாய்.

காலையில் நீ வேலைக்குக் கிளம்பும்போது நான் பெரும்பாலும் பருத்திக் காட்டில் நிற்பேன். வீட்டுப் பக்கமிருந்து செல்ஃப் சுற்றும் சத்தம் வரும், எஞ்சின் பற்றிக்கொள்ளும், அப்புறம் ஆக்சிலேட்டரை ரெண்டு மிதி மிதிப்பாய். கிளம்பிவிட்டேன் என்று எனக்குச் சொல்கிறாயாம். “டீசல் என்ன, உங்கப்பன் வீட்டுக் கெணத்துல ஊறுதா?” என்று சாயங்காலம் சண்டை பிடிப்பேன். “எங்கப்பன் வீட்டுக் கெணத்துல தண்ணியே ஊறல, இதுல டீசல் வேறயா?” என்பாய். மறுநாள் காலையில் மறுபடியும் ரெண்டு மிதி. நான் தலையைக்கூடத் தூக்க மாட்டேன், ஆனால் அது கேட்கும்வரை களைக்கொத்தைக் கையில் எடுத்ததில்லை.

அந்தக் காருக்கு இரண்டு சாவி இருந்தது. ஒன்றை நான் குதிரைவாலி மூட்டைக்குள் தவறவிட்டு, மூட்டையோடு வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். “விடுங்க மாமா, யாராச்சும் வெதைப்பாக, கார் மொளைக்கும், நாம போயி அறுத்துக்கிட்டு வருவோம்” என்றாய். மிச்சம் இருந்தது நீ வைத்திருந்த இந்தச் சாவி மட்டும்தான்.

நாற்கரச் சாலையில் ஆட்டுமந்தை கடக்கட்டும் என்று நீ நிறுத்திக் காத்திருந்தாய். பின்னால் வந்த லாரிக்காரன் நிறுத்தவில்லை. ஓர் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. காரின் முன்பக்கத்தில் கீறல் கிடையாது. பின்பக்கமும் நீயும்தான். போலீஸ் ஸ்டேஷனில் உன் வாட்ச், வளையல், இந்தச் சாவி மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். காரைக் கிரேனில் தூக்கிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனபோது சாவியை யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

வாட்சும் வளையலும் பீரோவுக்குள் போய்விட்டன. சாவியை மட்டும் என்னால் உள்ளே வைக்க முடியவில்லை. தினமும் நீ கையில் பிடித்தது அதைத்தான்.

போன கோடையில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். “ஐயா, நர்சம்மா வீடு இதுதான?” என்று ஒருவன் கேட்டான். உன்னைக் கேட்டு யாரும் வந்து வெகு காலமாகியிருந்தது. உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தேன். கேட்டவன் பெயர் முருகேசன், திருச்சுழியில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கூட வந்தவர் சாகுல், மெக்கானிக். முருகேசனின் காரும் உன் காரும் ஒரே மாடல். அவன் எஞ்சின் தண்ணீரில்லாமல் சூடேறி இறுகிப்போக, பழைய இரும்புக் கடையில் உன் எஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மாட்டிய நாளிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

“பேட்டரி மாத்தியாச்சு, டீசல் லைன் பாத்தாச்சு, எர்த் வயரெல்லாம் சொரண்டிப் போட்டாச்சுங்கய்யா” என்றார் சாகுல். “செல்ஃப் சுத்துது, பத்த மாட்டேங்குது. மீட்டர்ல சாவிப் படம் போட்ட லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு. எஞ்சினோட கம்ப்யூட்டர் பெட்டியையும் சேத்து மாட்டியிருக்கோம், அதுக்கு அதோட பழைய சாவியத்தான் அடையாளம் தெரியும். சாவி இல்லாம டீசல் விடாது.”

முருகேசன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வீட்டுல பயந்துட்டாகய்யா. எறந்தவுக வண்டி எஞ்சினு, அதான் எடுக்க மாட்டேங்குதுன்னு பூசணிக்காயெல்லாம் ஒடச்சிட்டோம்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். உனக்கா பூசணிக்காய்? ராத்திரி பகல் பாராமல் எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கிக் கொடுத்தவள் நீ! உன்னை விரட்ட இவர்கள் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். “சாவியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, எந்திரிங்கய்யா” என்று கத்திவிட்டேன். முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தான். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை, அது முகத்திலேயே தெரிந்தது. அப்படியும் எனக்கு மனசு இறங்கவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதையும் கேட்கிறார்களே என்றிருந்தது.

சாகுல் மட்டும் பைக்கை உதைத்துக்கொண்டே, “பத்தலைன்னாலும் அந்த எஞ்சின் சுத்துற சத்தத்துல ஒரு பிசிறு இல்லைய்யா. அம்மா அம்புட்டு நல்லா வச்சிருந்திருக்காக” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை என்னைப் படுத்திவிட்டது. காட்டில் நின்றால் காது வீட்டுப் பக்கமே போகிறது. எத்தனை நாளாக ரெண்டு மிதிச் சத்தம் இல்லாமல் நான் வேலையைத் தொடங்குகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சாவி என் பையில் இருக்கும்வரை அந்தச் சத்தம் எனக்குக் கிடைக்காது. ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது. சில நாள் வீம்பாக இருந்து பார்த்தேன். பிறகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறினேன்.

தகரக் கொட்டகைக்குக் கீழே வண்டி பானெட் திறந்து நின்றது. வண்டி யாருடையதோ, அதை நான் பார்க்கவே இல்லை. எஞ்சினைத்தான் பார்த்தேன். நீ இருந்த கடைசி ஆயுத பூஜையில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் மூடி மேல் காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவர்கள் புதிதாக வைத்த குங்குமம். சாகுல் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், நான் உட்காரவில்லை.

“சாவிய நீங்களே பிடிங்கய்யா, ஸ்டீயரிங்குக்குக் கீழ இந்த எடத்துல ஒட்டினாப்புல பிடிச்சாப் போதும்” என்றார். முருகேசன் தன்னுடைய சாவியைத் திருகினான். செல்ஃப் சுற்றியது. எஞ்சின் பற்றிக்கொண்டது.

அதே சத்தம்தான். ஒரு மாற்றமும் இல்லை. முருகேசன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். நான் குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானே சொல்ல வேண்டியதாயிற்று.

“ஆக்சிலேட்டர ரெண்டு மிதி மிதிப்பா.”

“எதுக்குங்கய்யா?”

“சும்மா மிதிப்பா.”

மிதித்தான். நீ மிதிப்பது போலவேதான் இருந்தது, ஆனால் நீ எங்கும் கிளம்பவில்லை. கேட்டால் மனசு ஆறும் என்று நம்பித்தான் போனேன். ஆறவில்லை. உனக்கு நடந்ததை அன்றைக்குத்தான் புதிதாகக் கேள்விப்பட்டது போல இருந்தது. கையை எடுத்தால் நின்றுவிடும் என்று பயந்து சாவியை அழுத்திப் பிடித்தபடியே நின்றேன். சாகுல் என் தோளைத் தொட்டார். “கைய எடுக்கலாம்யா. ஸ்டார்ட் ஆனப்பெறகு அது சாவியத் தேடாது.”

அப்புறம் சாவியை மேசையில் வைத்துக் கத்தி முனையால் நெம்பி, உள்ளேயிருந்து ஒரு கறுப்புச் சில்லை எடுத்தார். குதிரைவாலி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பெட்டி அடையாளம் தேடுவது அதைத்தானாம். அதை ஸ்டீயரிங்குக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, சாவியை மூடி என் கையில் கொடுத்தார். “இது உங்களுக்கேய்யா. எங்களுக்கு உள்ள இருக்கது மட்டும் போதும்.” நல்ல மனசில்தான் கொடுத்தார். முழுசாக எடுத்துக்கொண்டிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பரளச்சிப் பக்கம் வந்தால் ஹாரன் அடிக்கிறேன் என்றான் முருகேசன். வேண்டாம் தம்பி, பேசாமல் போய்விடு என்றேன். அப்படித்தான் போகிறான் போலிருக்கிறது. எந்த வண்டி போனாலும் நான் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.

இன்றைக்கு பஸ்ஸில் அந்த ஆள் கேட்டபோது, செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வண்டிய வீட்டுல எடுத்துட்டுப் போயிருக்காக தம்பி” என்றேன்.

“சாவி இங்கேல்ல இருக்கு?” என்றார் அவர்.

“கெளம்பினப்பெறகு சாவியத் தேடாதாம்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.