மைக் மேல் போட்ட பழி

மார்ச் 2, சனி

எங்கள் பாட்டில் தர்மா வாசித்துப் பதிந்திருந்த கிட்டாரை அழித்துவிட்டு நானே வாசித்துச் சேர்த்தேன். அவனிடம், "மைக் சரியில்ல மச்சான், ஒண்ணும் தெளிவா விழல" என்றேன்.

பொய். தெளிவாகத்தான் விழுந்திருந்தது. அவன் மோதிர விரல் கம்பியை முழுசாய் அழுத்த முடியாததும் சேர்ந்தே விழுந்திருந்தது.

போன வருஷம் தாப்பா ரோட்டில், மழையில் சறுக்கி விழுந்தோம். மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் நான். அந்த விரலைப் பற்றி நான் எப்படிச் சொல்வது?

மார்ச் 5

தஞ்சோங் மாலிமிலிருந்து தர்மா மெசேஜ். நல்ல மைக் வாங்க ஓவர்டைம் செய்கிறானாம். "வெல கம்மியா, கிட்டார் ஆம்ப் சத்தத்தத் தாங்குறதா ஒண்ணு பாருலா."

என் பொய்க்கு அவன் ஓவர்டைம்.

மார்ச் 9, சனி

தர்மா ரயிலில் ஈப்போவுக்கு, என் வீட்டுக்கு வந்தான். தெரிந்த கடைக்காரர் பழைய மைக் இரண்டைக் கொடுத்து, "வீட்ல போட்டுப் பாரு, ஒண்ண எடுத்துக்கோ" என்றார்.

முதலாவது கண்டென்சர் மைக். தகரக் கூரை மழை, பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா கோழி விரட்டுவது, எல்லாம் கேட்டது. மற்றது மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற சாதாரண டைனமிக். ஆம்பை ஒட்டி வைத்தால் ஆம்ப் மட்டும்தான் கேட்டது. ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளியதும் கீச்சென்ற சத்தமும் போனது. தர்மா முட்டி போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாய் நகர்த்தினான்.

"இதான்லா! வெலயும் கம்மி."

பிறகு வாசித்தான். ஹெட்போனில் எல்லாமே சுத்தமாய்க் கேட்டது. அந்த விரலும்.

"இப்ப ஓக்கேவா?"

"சூப்பர்" என்றேன். ஏன்டா சொன்னே? ஏன்?

மார்ச் 10

சர்ச்சில் பூசைக்குப் போனேன். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன — தர்மாவிடம் அல்லவா சொல்லணும்.

மார்ச் 16, சனி

தர்மா மறுபடி வந்தான். சொல்லிவிட்டேன். அழித்ததை, நான் வாசித்ததை, எல்லாம்.

மைக்கைக் கழற்றி வயரைச் சுருட்டிக்கொண்டே பேசினான். "என் வெரல் எனக்குத் தெரியாதாடா? தெனமும் நாந்தானே பாக்குறேன். ஆனா நீ மைக்குதான் கோளாறுன்னதும் நம்பிட்டேன். சந்தோசமா இருந்துச்சு. கீழ விழுந்த அன்னிக்கு உம்மேல கோவம் வரல சில்வெஸ்டர். இப்ப வருது."

"ஸ்டேசன்ல கொண்டு விடவா?"

"வேணாம். நடந்துக்குவேன்."

மார்ச் 24

மெசேஜ் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

ஏப்ரல் 6, சனி

மத்தியானம் தர்மாவிடமிருந்து ஒரு ஃபைல். அவன் அறையில் வாசித்துப் பதிந்தது. கீழே, "கேட்டுட்டு கூப்புடு."

மோதிர விரலே தேவைப்படாதபடி பாட்டை மாற்றியிருக்கிறான். மூன்று தடவை கேட்டேன். கூப்பிட்டேன்.

"ஆரம்பம் ரொம்ப நல்லாருக்கு மச்சான்." "ரெண்டாவது சரணத்துல பின்தங்குறே. அது வெரலு இல்ல. தாளத்த விட்டுட்டுத் தொரத்துறே."

அந்த இடத்தை அவன் போட்டுக் கேட்பது போனில் விழுந்தது.

"நெசமாவா?"

"நெசமா."

"சரி. போன வைக்காத. மறுபடி வாசிக்கிறேன்."

நாலு தடவை வாசித்தான். மூன்றைச் சரியில்லை என்றேன்.