கறுப்பு வண்டியின் பின் சீட்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் கார் பார்க்கப் போனோம். இது நாலாவது ஞாயிறு. என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்றில் கதவு மூடும் சத்தம் சரியில்லை, ஒன்றில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. புரோக்கர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "ஐயா, வண்டிக்கு ஜாதகம் இருந்தா அதையும் கேப்பீங்க போலிருக்கே" என்றான். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் மகன் பெரியவன் ஜனவரியில் போய்விட்டான். மூன்று நாள் காய்ச்சல். அன்றிலிருந்து இவர் வெல்டிங் பட்டறைக்குப் போகவில்லை. பெரியவன் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். கார் பார்க்க மட்டும்தான் சட்டை போடுகிறார். பெரிய வெளிநாட்டு வண்டி ஒன்று, பழசாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கி எங்களைப் பின்னால் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. அவன் போன பிறகு அவன் ஆபீஸில் கொடுத்த பணம் அதற்குத்தான் என்று இவர் முடிவு செய்துவிட்டார். நான் குறுக்கே பேசவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கறுப்பு வண்டி. நல்ல நீளம். கூட வந்த மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஜம்முன்னு இருக்குண்ணே" என்றார். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்து, "அவன் சொன்ன மாதிரியே இருக்குல்ல?" என்றார். முகத்தில் சிரிப்பு. எத்தனை நாளாச்சு.

நான் பின் சீட்டில் இருந்தேன். சென்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் வேறு வாசம். பதினெட்டு வருஷமாக ஹோட்டல் லாண்டரியில் துணியோடு கிடக்கிறேன், எனக்குத் தெரியாதா? ரொம்ப நாள் ஊறி, சரியாகக் காயாத துணி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். அடியில் மண் நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் நின்ற கோடு. இந்த வண்டி வெள்ளத்தில் கிடந்திருக்கிறது.

பெல்ட்டை விட்டேன். உள்ளே போய்விட்டது.

"என்ன, எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

மார்ச் 11, திங்கள்

வாங்கியாச்சு.

மார்ச் 24, ஞாயிறு

தினமும் கழுவுகிறார். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் படமாகப் பார்க்கிறார், பாஷை புரியாவிட்டாலும். பின் கண்ணாடி இறங்கினது ஏற மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கைப் பார்க்க இரண்டு தடவை நடந்து போய் வந்தார். பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார்.

கண்ணாடி ஏறாவிட்டால் போகட்டும். ஆள் நடமாடுகிறார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வெயிலில் வைப்பர் தானாக ஆடியது. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு டெய்லர் அக்கா, "உங்க வீட்டுக்காரர் வண்டியை ஓட்டுறாரா, வண்டி அவரை ஓட்டுதா?" என்றாள். இவரும் சேர்ந்து சிரித்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

செய்தது சரியா? ஆளைப் பார்த்தால் சரி என்று தோன்றுகிறது. வண்டியைப் பார்த்தால் —

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கள் மகள் சின்னவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கேதான் வருகிறாள். "பேரப்பிள்ளை அதோட மாமா ஆசைப்பட்ட வண்டியிலதான் வீட்டுக்கு வரணும்" என்றார் இவர்.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அண்ணன்கிட்ட சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. ஏர்பேக் லைட் அணையவே இல்ல. உள்ள வயரெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. ஏன்னு எனக்கே புரியல. குழந்தை குட்டியை ஏத்திடாதீங்க."

எனக்குப் புரிந்தது. சரி என்று அனுப்பி வைத்தேன்.

மே 2, வியாழன்

நாற்சந்தி நடுவில் வண்டி அணைந்துவிட்டதாம். பின்னால் லாரி. ஒரு முழம்தான் இடைவெளி என்று கையை நீட்டிக் காட்டினார். "லாரிக்காரன் நம்ம பரம்பரையையே இழுத்துத் திட்டிட்டான், போ" என்று வேடிக்கையாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று போனது போதாதா?

மே 3, வெள்ளி

சொல்லிவிட்டேன். வாசம், கோடு, எல்லாம்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம், "தெரிஞ்சே வாங்க விட்டியா?" என்றார்.

"வேணாம்னு சொல்லியிருந்தா நீங்க மறுபடி அந்த ரூமுக்குள்ள போயிடுவீங்கன்னு பயந்தேன்."

"அதுக்கு? ரோட்டுல செத்தா பரவாயில்லையா?"

கத்தினார். பிள்ளை போன அன்றுகூட அவர் கத்தவில்லை. பெரியவன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 5, ஞாயிறு

கதவு சாத்தியே இருக்கிறது. வைத்த சாப்பாடு அப்படியே. எதற்குப் பயந்தேனோ அதை என் கையாலேயே —

வேலைக்குப் போனேன். நூற்று இருபது தலையணை உறை.

மே 9, வியாழன்

விடிகாலையில் மாப்பிள்ளை போன் செய்தார், சின்னவளுக்கு வலி எடுத்துவிட்டது என்று. நான் கதவைத் தட்டி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு டாக்சியில் கிளம்பினேன். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

பத்து மணிக்கு அவர் வந்தார். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறார். குழந்தையைப் பார்த்தார். தொடவில்லை. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

"இன்னும் ஏதாவது மறைச்சு வெச்சிருக்கியா?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லு."

"உங்க டீயில சர்க்கரை பாதியா குறைச்சிட்டேன். ரெண்டு மாசமாச்சு."

"அது தெரியும்" என்றார்.

மே 12, ஞாயிறு

குழந்தை டாக்சியில் வீட்டுக்கு வந்தது. முன் சீட்டில் இவர். டிரைவரிடம், "மெதுவாப் போப்பா" என்று எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். வாசலில் நின்ற கறுப்பு வண்டியைத் தாண்டித்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

மே 20, திங்கள்

புரோக்கர் வந்தான். பாலிஷ் போட்டு வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம், ஒரு வாரம் போதும் என்றான். இவர் கேட்டார்: "வாங்குறவன் வீட்டுல குழந்தை இருக்குமா, இருக்காதா?" அவன் போய்விட்டான்.

மத்தியானம் பழைய வண்டி பிரிக்கிற கடைக்காரர் லாரியோடு வந்தார். "ஓடுற வண்டியாச்சே ஐயா, முழுசா வித்தா நல்ல விலை வருமே" என்றார்.

"இது தண்ணியில நின்ன வண்டி. ஓட்டுறதுக்கு யாருக்கும் குடுக்காதீங்க. என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்" என்று இவரும் கூடவே ஏறிப் போனார். பொழுது சாய்ந்துதான் வந்தார். கையெல்லாம் கிரீஸ். முதல் கதவைத் தானே கழற்றினாராம். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினார். கை கழுவுங்க என்று சின்னவள் விரட்டினாள்.

மே 26, ஞாயிறு

"நாளைக்கு ஆறரைக்கு எழுப்பி விடு" என்றார்.

மே 27, திங்கள்

ஆறேகாலுக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். பட்டறையில் நெருப்புப் பொறி விழப்போகிற சட்டைக்கு இஸ்திரி எதற்கு? போட்டுக் கொடுத்தேன்.