கஞ்சி வாரத்து ரத்தம்

மச்சி,

மயிலாப்பூரில் அந்த ரத்தப் பரிசோதனை லேபுக்குள் இன்று காலை நுழைந்ததும் ஸ்பிரிட் பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்; பிளாஸ்டிக் நாற்காலியும் என்னோடு சேர்ந்தே எழுந்தது. கூட வந்த மகள்தான் அதைப் பிடித்து இழுத்துவிட்டாள். நீ இருந்திருந்தால் அந்த நாற்காலிக்காகப் பரிதாபப்பட்டிருப்பாய்.

கோபாலபுரத்தில் பள்ளி வாசலில் நம் இரண்டு வேன்களும் முன்னும் பின்னுமாக நிற்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை நமக்கு வேலை உட்காருவதுதான். டீ, பஜ்ஜி, மறுபடி டீ. பிள்ளைகளுக்கு நீ பெரிய குண்டு மாமா, நான் சின்ன குண்டு மாமா. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

வருடத்துக்கு ஒருமுறை டிரைவர்களையெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேதி சொன்ன அன்றே நீ உத்தரவு போட்டுவிடுவாய். "மாமு, இன்னிலேர்ந்து கஞ்சி வாரம். பஜ்ஜிக்காரன் எதுர்ல வந்தா மூஞ்ச திருப்பிக்கோ." ஒரு வாரம் கஞ்சியும் சுட்ட அப்பளமும். ரிப்போர்ட் நன்றாகவே வரும். அன்றைக்கே பிரியாணி.

ஒருமுறை டாக்டர் டேப் எடுத்து உன் இடுப்பை அளந்தார். டேப் போதவில்லை. "ரிப்போர்ட் அழகா இருக்கு. வயிறு வேற கதை சொல்லுதே. இது பட்டினி கெடந்த வாரத்து ரத்தம். மீதி வருஷத்து ரத்தம் எங்க?" என்றார். வயிறு பெருத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, ட்ரைகிளிசரைட் ஏறி நல்ல கொழுப்பு இறங்கினாலும் இதயத்துக்கு ஆபத்துதான் என்று பொறுமையாக விளக்கினார். என் எட்டாம் வகுப்பு மூளைக்குக் கொழுப்பில் நல்லது வேறு உண்டா என்றே திகைப்பு. வெளியே வந்ததும் நீ, "அவுருக்கு வயிறே இல்ல நைனா, அதான் காண்டு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அடுத்த கஞ்சி வாரம் வருவதற்குள் நீ போய்விட்டாய். காலை டிரிப் முடிந்து, பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு, வேனை ஒழுங்காக ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டாய்.

இந்த முறை தேதி சொன்னபோது நான் கஞ்சி வைக்கச் சொல்லவில்லை. வாரம் முழுக்க எப்போதும் போலத்தான் தின்றேன். லேபில் இருந்த பெண், "நேத்து நைட் என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள்.

"பரோட்டா, சால்னா, ரெண்டு ஆம்லெட். அப்புறம் பச்சத்தண்ணிதான்மா."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இத வேற பெருமையா சொல்றியாப்பா?"

"கேட்டாங்க, சொன்னேன்."

வீட்டுக்கு வந்தும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்தேன். "இந்த நடைய தெனம் நடந்திருந்தா டெஸ்டே தேவப்பட்டிருக்காது" என்றாள் மனைவி. சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. நான் தொடவில்லை. மகள்தான் திறந்தாள்.

"கெட்ட கொழுப்பு பரவால்லப்பா. ட்ரைகிளிசரைட் ரொம்ப ஏறிக் கெடக்கு. நல்ல கொழுப்பு கம்மி."

கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது சிரிப்புதான், மச்சி. உள்ளே பயம், வெளியே சிரிக்கிறேன். உனக்குப் பயமே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயும் இப்படித்தான் சிரித்திருப்பாய் என்று இன்றுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாய்.

அந்தப் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை டாக்டரைப் பார்க்க மகள் நேரம் வாங்கிவிட்டாள். சிரிக்காமல் உள்ளே போய், "எனக்கு பயமா கீது சார்" என்று சொல்லப்போகிறேன்.